ஓவியப் பாடத்துக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது? பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை ஓவியம் எடுக்கிறீர்கள், வகுப்புக்கு வாரம் ஒரே ஒரு பீரியட், ஒவ்வொரு வகுப்பிலும் 40 பிள்ளைகளுக்கு மேல். பருவம் முடிந்தால் தலைமை ஆசிரியர் மதிப்பெண் கேட்கிறார். "சிலருக்குக் கை வருகிறது, சிலருக்கு வரவில்லை, வராத பிள்ளைக்கு எந்த நியாயத்தில் குறைத்துப் போடுவது, நோட்டில் 'நன்று' என்பதைத் தவிர என்ன எழுதுவது" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்வி இதுதான்: ஒரு படத்தைப் பார்த்து, அதை வரைந்த பிள்ளை என் வகுப்பில் எதைக் கற்றுக்கொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மதிப்பெண்ணும் நோட்டில் எழுதுவதும் கூடவே வந்துவிடும்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்தியதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த கைவாகுக்குப் போடாதீர்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைப் படம் முடிவதற்கு முன்னால் சொல்லுங்கள். லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளை எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்து, பள்ளியில் பல வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் கவின்கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் வகுப்பிலும் ஒரு கலாம் படம் கட்டாயம் இருக்கும். போனில் படத்தை வைத்து, கட்டம் போட்டு, பென்சில் ஷேடிங்கில் தலைமுடியைக்கூட ஒவ்வொன்றாக இழுத்து, ஒரு பையன் கொண்டுவந்து நீட்டுவான். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் எல்லாம் கூடி நின்று பாராட்டுவார்கள், 10க்கு 10 போடச் சொல்லி உங்கள் கையும் பரபரக்கும். அந்தப் படத்தில் தெரிவது பொறுமை, பென்சிலை அழுத்தியும் தளர்த்தியும் பிடிக்கும் பக்குவம், கட்டத்துக்குக் கட்டம் அளவை மாற்றும் திறமை. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து வரைய அவனால் முடியுமா, தாளில் எதை எங்கே வைப்பது என்று அவனால் தீர்மானிக்க முடியுமா என்பது அதில் தெரியாது, ஏனென்றால் அதையெல்லாம் போட்டோ எடுத்தவரே முடிவு செய்துவிட்டார். இதற்காகப் பார்த்து வரைவதைப் பாவம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் ஓவியக்காரரும் ஸ்தபதியும் அப்படித்தான் கற்றார்கள், நாம் எழுதிய ஃப்ரீ ஹேண்ட் அவுட்லைன் தேர்வும் கொடுத்த உருவத்தை அப்படியே வரைவதுதான். கட்டம் போட்டு வரைவதை நீங்கள் பாடமாக நடத்தியிருந்தால் அவனுக்கு 10 கொடுங்கள். நடத்தியது வேறு என்றால் அந்தப் படத்தைப் பாராட்டிவிட்டு, "இதே பென்சில்ல உங்க தாத்தா திண்ணையில உக்காந்திருக்கிறதைப் பார்த்து வரைஞ்சு கொண்டு வா" என்று சொல்லி அனுப்புங்கள். அவன் கொண்டுவரும் இரண்டாவது படத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

ஓவியத்தில் எதையுமே சரி, தப்பு என்று சொல்ல முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் ஒரு குடத்தை வைத்து வரையச் சொன்னால் பாதி வகுப்பு வாயை முழு வட்டமாகப் போடும், அடியை நேர்கோடாகப் போடும். வாய் வட்டம் என்று பிள்ளைக்குத் தெரியும், அடி மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும், தெரிந்ததை வரைந்திருக்கிறது, பார்த்ததை வரையவில்லை. இதற்கு "சரியாகப் பார்த்து வரையவும்" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை, அது தன் கணக்கில் சரியாகப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறது. ஒரு வளையலைக் கையில் கொடுத்து, கண்ணுக்கு நேராகப் படுக்கை வசமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வளையல் ஒரு கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னால் கோடு திறந்து திறந்து நீள்வட்டமாகும். அப்படியானால் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கும் குடத்தின் அடி, வாயைவிட அதிகமாக வளைய வேண்டுமா, குறைவாகவா? இதைப் பிள்ளையே சொல்லிவிடும். அடுத்த தாளில் அடிக்கோடு வளைந்து வந்தால் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். கோடு நடுங்கியிருக்கலாம், குடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், பரவாயில்லை, அன்றைய பாடம் அதுவல்ல. அளவுப் பொருத்தம், வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும், மஞ்சளும் நீலமும் எவ்வளவு சேர்த்தால் வேப்பிலையின் பச்சை வரும் என்பதையெல்லாம் இதே மாதிரி கண்ணால் சரிபார்க்கலாம். இவற்றுக்குத் தயங்காமல் மதிப்பெண் போடலாம்.

சந்தேகமான பகுதி கற்பனை, உணர்ச்சி, அழகு. "இயற்கைக் காட்சி வரைக" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, நாலு காக்கா, வளைந்து வரும் ஆறு என்று 40 தாளும் ஒன்று போல வரும். மலையே இல்லாத ஊரிலும் அதே மலைதான். அதற்கு நடுவில் ஒரு பெண் பள்ளி வாசலில் இருக்கும் அடிபம்பை வரைந்திருப்பாள், பம்பின் கைப்பிடி உடம்பைவிடப் பெரிதாக இருக்கும், பக்கத்தில் வைத்த குடம் காற்றில் மிதக்கும். எதற்கு அதிகம்? மலைப் படம் சுத்தமாக இருக்கிறது, வண்ணம் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் அதை வரைய அந்தப் பிள்ளை ஒரு முடிவுகூட எடுக்கவில்லை. பம்பு வரைந்தவள் எதை வரைவது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்திருக்கிறாள். நான் அவளுக்குத்தான் கூட்டிப் போடுவேன். இது என் தீர்மானம், எல்லா ஓவிய ஆசிரியரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் வரைவதற்கு முன்னாலேயே "நீங்க நேர்ல பார்த்த ஒண்ணைத்தான் வரையணும், அதுக்கு மார்க் உண்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பிறகு குறைப்பது மலைப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பெரிய தேர்வு வாரியங்களும் முடிந்த படத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவதில்லை. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் ஓவியப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. அந்த 70இல் ஒரு பகுதி, வருடம் முழுவதும் செய்த வேலைகளைச் சேர்த்துவைத்த தொகுப்புக்குப் போகிறது. இங்கிலாந்தில் பிள்ளைகள் 16 வயதை ஒட்டி எழுதும் ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வின் ஓவியப் பாடத்தில் நாலு நோக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம்: யோசனையை வளர்ப்பது, முயன்று பார்த்துச் செம்மைப்படுத்துவது, பார்த்ததையும் தோன்றியதையும் பதிவு செய்வது, கடைசியாகத்தான் முடிந்த படைப்பைத் தருவது. முக்கால் பங்கு மதிப்பெண் படம் முடிவதற்கு முன்னால் நடந்த வேலைக்கு. நம் ஊரிலும் 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் முழுமையான தொடர் மதிப்பீட்டைத்தான் கேட்கிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி (பாடம் நடக்கும்போதே மதிப்பிடுவது), தொகுத்தறி (பருவ முடிவில் மதிப்பிடுவது) என்று பிரித்ததும் அதை ஒட்டித்தான். கடைசி நாளில் ஒரு படம் வாங்கி அதற்கு ஒரு எண் போடுவது சட்டத்துக்கும் பொருந்தாது, பாடத்துக்கும் பொருந்தாது.

அதனால் நான் 10 மதிப்பெண்ணை இப்படிப் பிரிப்பேன்: அந்தப் பாடத்தில் நடத்திய உத்தி படத்தில் வந்திருக்கிறதா என்பதற்கு 4, பார்த்து வரைந்ததற்கான அடையாளம் இருக்கிறதா என்பதற்கு 3, முதல் முயற்சிக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் மாற்றம் தெரிகிறதா என்பதற்கு 2, சொந்தமாக ஒரு முடிவாவது எடுத்திருக்கிறதா என்பதற்கு 1. இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். வண்ணப் பாடம் என்றால் உத்திக்கு இன்னும் கூட்டலாம். ஆனால் எப்படிப் பிரித்தாலும் அதைப் பாடத்தின் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். சுத்தம், நோட்டு அட்டை, விலை உயர்ந்த கலர் பெட்டி இவற்றுக்கு ஒரு மதிப்பெண்கூட வேண்டாம், அது வீட்டு வசதிக்குப் போடும் மதிப்பெண். இந்த முறையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பலகையில் இருப்பதை மட்டும் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் வருவார்கள், அதிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். பருவத்துக்கு ஒரு பாடமாவது மதிப்பெண்ணே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

கற்பனை வளத்துக்கு 1 மட்டும்தானா என்று கேட்பீர்கள். தனியொரு ஆசிரியரின் கண்ணை நம்பி அதற்குமேல் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் தெரசா அமாபிலி 1982இல் இதற்கு ஒரு வழி காட்டினார். சிறுமிகள் ஒட்டிச் செய்த படங்களைக் கலைஞர்கள் பலரிடம் கொடுத்து, ஒருவரையொருவர் கலந்து பேசாமல் மதிப்பிடச் செய்தார். படைப்பாற்றல் என்றால் என்ன என்று விளக்கம் எதுவும் கொடுக்காமலேயே அவர்கள் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதாவது பழகிய கண்கள் பல சேர்ந்தால் நம்பலாம். உங்கள் பள்ளியில் இரண்டாவது ஓவிய ஆசிரியர் இருக்க மாட்டார், தெரியும். பக்கத்துப் பள்ளி ஓவிய ஆசிரியரோடு பருவத்துக்கு ஒரு முறை 10 படங்களை மாற்றிக்கொண்டு, தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே படத்துக்கு நீங்கள் 8, அவர் 5 என்றால் நீங்கள் பார்ப்பதும் அவர் பார்ப்பதும் வேறு வேறு என்று தெரிந்துவிடும். அதைப் பற்றிப் பேசுகிற அரைமணி நேரம் எந்தப் பயிற்சி வகுப்பையும்விடப் பிரயோஜனமானது.

"கை வராத பிள்ளை" பற்றி. நீங்கள் எடுப்பது 11 முதல் 13 வயது. சரியாக இந்த வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் "எனக்கு வராது சார்" என்று பென்சிலைக் கீழே வைக்கின்றன. சின்ன வயதில் தரைக்கு ஒரு கோடு, வானத்துக்கு மேலே ஒரு நீலப் பட்டை என்று சந்தோஷமாக வரைந்த பிள்ளைக்கு, 9 வயதுக்கு மேல் தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்பது கண்ணில் பட ஆரம்பிக்கிறது. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் இந்தப் படிநிலைகளை வயதுவாரியாக எழுதிவைத்தார், பி.எட். நோட்டுகளிலும் பார்த்திருப்பீர்கள். பொதுவாக இந்த வரிசையில் வருகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பிள்ளை எந்த வயதில் எங்கே நிற்க வேண்டும் என்று அதை அளவுகோலாக வைத்து மதிப்பெண் குறைக்கக் கூடாது. வீட்டில் பென்சிலும் தாளும் கிடைத்த பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் நடுவிலேயே இரண்டு மூன்று வருட வித்தியாசம் தெரியும். அந்தப் பிள்ளையின் ஜூன் மாதப் படத்தையும் செப்டம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த இரண்டையும்தான். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கிற கலைத் திருவிழா மாதிரி போட்டிகளில் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டே ஆக வேண்டும், அது போட்டி. வகுப்பு அப்படி இல்லை.

அடுத்தது, நோட்டில் என்ன எழுதுவது. எண்ணையும் குறிப்பையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் ஆர்வம் குறையாமல் முன்னேறினார்கள், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் மற்றதைப் படிக்கத் தோன்றுவதில்லை போல. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்த வேலைகள் ஓவியம் அல்ல, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக ஓவியத்தைத் தொட்ட ஆய்வு 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்தது: நர்சரிப் பிள்ளைகளிடம் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, கொடுத்தும்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அவர்கள் மிகச் சின்னப் பிள்ளைகள், எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டாரும் ஸ்மைலியும் போட்டுத்தள்ளுகிற பழக்கத்தை நான் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கருத்துச் சொன்னாலே நன்மைதான் என்பதும் சரியில்லை. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேலான இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. ஆளைப் பற்றிப் பேசினால் கெடும், வேலையைப் பற்றிப் பேசினால் பயன்படும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆகவே "நீ நல்லா வரையற" என்பதும் "உனக்குக் கை வரலை" என்பதும் எனக்கு ஒன்றுதான், இரண்டிலும் பிள்ளை அடுத்துச் செய்ய ஒன்றும் இல்லை. நோட்டில் இரண்டு வரி போதும், முதல் வரி நீங்கள் படத்தில் பார்த்தது, இரண்டாவது அடுத்து முயல வேண்டிய ஒன்றே ஒன்று. "குடத்தின் கழுத்தில் நிழல் வலப்பக்கம் சரியாக விழுகிறது. அடியை வளையலை வைத்துப் பார்த்து மறுபடி ஒரு தடவை போடு." அவ்வளவுதான். "எல்லா மரமும் ஒரே பச்சை. நாளைக்கு மூன்று மரத்தின் இலையைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துக் கலந்து பார்." அதைச் செய்ய நேரம் கொடுக்காமல் அடுத்த வாரம் வேறு பாடத்துக்குப் போய்விட்டால் எழுதியது வீண். ஒரு பாடத்தை மூன்று பீரியட் ஓட்டுங்கள்: முதல் வாரம் முயற்சி, இரண்டாவது வாரம் உங்கள் குறிப்பும் மறுமுயற்சியும், மூன்றாவதில் முடித்த படம். படங்களின் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

40 பிள்ளைக்கும் ஒரே பீரியடில் எழுத முடியாது. வாரம் 10 பிள்ளை என்று முறை வைத்து, அவர்களிடம் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள், மற்றவர்களுக்கு அந்த வாரம் பொதுவாகச் சொன்னால் போதும். அப்புறம், பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. நம்மில் பலர் "இங்க பாரு, இப்படி" என்று வாங்கி நாலு கோடு இழுத்துவிடுவோம், படம் நன்றாகிவிடும், ஆனால் அதற்குப் பிறகு அது யார் படம்? காட்ட வேண்டுமென்றால் தனித்தாளில் வரைந்து காட்டிவிட்டு அந்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். சிவப்பு மையில் படத்தின்மேல் டிக் போடுவதும் வேண்டாம், தாளின் பின்பக்கம் இருக்கிறது.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நீங்கள் சொல்வதைவிடச் சில சமயம் நன்றாக வேலை செய்யும், பழக்கினால். அமெரிக்காவின் பாய்ஸி நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் போட்டோவைப் பார்த்து வரைந்த பட்டாம்பூச்சி ஆசிரியர்கள் நடுவில் பிரபலம். முதல் படம் எல்லாப் பிள்ளையும் மனதிலிருந்து போடும் உருண்டைப் பட்டாம்பூச்சி. கூடப் படித்த பிள்ளைகள் முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள், முக்கோணமாக இருக்கிறது, முனை கூர்மையாக இருக்கிறது என்று. வடிவம் வந்தபிறகுதான் உள்ளே இருக்கும் கோலங்களைப் பற்றிப் பேச்சு. ஆறாவது படம் நிஜப் பட்டாம்பூச்சிக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு சமயத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பேசியதுதான் அதில் சூட்சுமம். உங்கள் வகுப்பில் படங்களைத் தரையில் பரப்பிவைத்து, பெயர் தெரியாமல் அந்த ஓரத்தை மட்டும் மடித்து, "முதல்ல கண்ணுல என்ன படுது" என்று மட்டும் கேட்டு ஆரம்பியுங்கள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற இரண்டுக்கும் தடை. முதல் இரண்டு தடவை சிரிப்பும் கேலியுமாகத்தான் போகும். கேலி நிற்காத வகுப்பில் இதைக் கட்டாயப்படுத்தாமல் இரண்டு இரண்டு பேராகப் பேசவிடுங்கள்.

தலைமை ஆசிரியர் கேட்டால் காட்டுவதற்கும், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அம்மா வந்து நின்றால் பேசுவதற்கும் உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். பழைய காலண்டர் தாளை மடித்து ஆளுக்கொரு உறை செய்யச் சொல்லுங்கள், முயற்சித் தாள் உட்பட எல்லாம் தேதி போட்டு அதற்குள் போக வேண்டும். பருவ முடிவில் பிள்ளையே அதிலிருந்து இரண்டு படத்தை எடுத்து, ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் அந்த இரண்டையும் அவற்றின் முயற்சித் தாள்களையும் வைத்து எண்ணைப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மாலை நேரம் ஆகும், அதற்குமேல் ஆகாது.

இந்தப் பருவத்தில் குடத்தையே முதல் பாடமாக எடுங்கள் என்பேன், சரிபார்க்க எளிது. முடிந்ததும் ஐந்தாறு படங்களைப் பெயரை மறைத்துப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லாமல். நானும் தனியாகப் போட்டுச் சொல்கிறேன், எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.